போக்கர் கற்றுத்தரும் முறை எப்படி மாறியது?

டர்பனில் தூனி சீட்டாட்டம் ஆடி வளர்ந்த நீங்கள், அப்பா காலத்துப் போக்கர் பாடமும் இன்றைய பாடமும் ஏன் இவ்வளவு வேறு என்று கேட்டிருக்கிறீர்கள்.

முன்பு போக்கரும் தூனி மாதிரிதான், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்பது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் சூட்சுமத்தை வெளியே விடவில்லை. 1970களின் இறுதியில் டாயில் பிரன்சன் அதைப் புத்தகமாகப் போட்டார்: துணிந்து பந்தயம் கட்டு, எதிராளியைத் திணறடி. அப்புறம் டேவிட் ஸ்க்லான்ஸ்கி போன்றவர்கள் கணக்கை நடுவில் வைத்தார்கள்.

அந்தக் கணக்கு அழகானது. மேசையில் 100 ராண்ட் இருக்கிறது, எதிராளி 50 போடுகிறார். நீங்கள் 50 கொடுத்து 150 பிடிக்கப் பார்க்கிறீர்கள். நாலில் ஒரு தடவை ஜெயித்தாலே நஷ்டமில்லை. ஒரே வகைச் சீட்டு ஐந்து சேரும் ஃப்ளஷ்ஷுக்கு ஒரு சீட்டு குறைகிறது, கடைசிச் சீட்டு மட்டும் பாக்கி என்றால், நீங்கள் பார்க்காத 46 சீட்டில் 9 உதவும், வாய்ப்பு ஏறக்குறைய 20 சதவீதம். இது தேவையான 25ஐவிடக் குறைவு. ஃப்ளஷ் அடித்த பிறகும் கூடுதல் பணம் பெயராது என்றால் சீட்டை மடித்து விலகிவிடுங்கள்.

2003இல் இணையத்தில் தகுதி பெற்ற கிறிஸ் மனிமேக்கர் உலகப் பட்டம் வென்றதும் கூட்டம் அலைமோதியது, வீடியோப் பாடங்கள் பெருகின. 2015 வாக்கில், எந்தக் கைக்கு எப்படி ஆடுவது நல்லது என்று கணக்கிடும் சால்வர் மென்பொருள்கள் வந்தன. 2017இல் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது.

சால்வர் கேள்வியையே திருப்பிப் போட்டது. அதே 50 ராண்டைக் கடைசிச் சுற்றில் நீங்கள் போடுகிறீர்கள். இப்படிப் போடும் பந்தயங்களில் நாலில் ஒன்று நல்ல சீட்டில்லாத பொய்யாக இருந்தால், எதிராளி ஈடாகக் கட்டினாலும் மடித்தாலும் அவருக்கு ஒன்றுதான். முகத்தைப் படிப்பதைவிட இதுவே நிலைத்த பலம் என்பேன்.

முதல் கணக்கைக் கைவசமாக்கிவிட்டு சால்வரைத் தொடுங்கள். தென்னாப்பிரிக்காவில் இணையத்தில் பணம் வைத்துப் போக்கர் ஆடுவது சட்டவிரோதம், அதனால் பயிற்சி காசில்லாமலே இருக்கட்டும்.