எறும்பு வரிசை முதல் யானையின் மதநீர் வரை: வாசனைக் கேள்விகளும் பதில்களும்

நான் பூச்சியியல் படித்தவள். வேலை பெரும்பாலும் தென்னந்தோப்பிலும் காய்கறித் தோட்டத்திலும்தான். விலங்குகள் வாசனையால் எப்படிச் சேதி சொல்லிக்கொள்கின்றன என்பதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, சர்க்கரை டப்பாவுக்கு வரும் எறும்பு வரிசையை எத்தனை தடவை துடைத்தாலும் அதே வழியில் திரும்ப வருகிறது. ஏன்?

எறும்பு போய்விட்டது, அது போட்ட கோடு போகவில்லை. சர்க்கரையைக் கண்ட எறும்பு கூட்டுக்குத் திரும்பும்போது வயிற்று நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு சுரப்பை இட்டுக்கொண்டே போகும், அடுத்து வருகிற எறும்பு உணர்கொம்பால் அதை மோந்துகொண்டே நடக்கும், அதற்கும் சர்க்கரை கிடைத்தால் அதுவும் தன் பங்குக்கு ஒரு கோடு இடும். இப்படித்தான் ஒற்றை எறும்பு அரை மணி நேரத்தில் ஊர்வலமாகிறது. சர்க்கரை தீர்ந்ததும் புதிதாக யாரும் கோடு இடுவதில்லை, பழையது ஆவியாகிவிடும், வரிசை கலைந்துவிடும்.

இந்த ஆவியாவது இருக்கிறதே, அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கூட்டுக்கும் தீனிக்கும் நடுவே ஒரு நீள வழியும் ஒரு குறுக்கு வழியும் இருந்தால், குறுக்கு வழியில் போன எறும்பு சீக்கிரம் திரும்பும், அதனால் அந்தக் கோடு சீக்கிரம் அடர்த்தியாகும், கூட்டமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பெல்ஜியத்தில் ழான்-லூயி தெனபூர்க் குழுவினர் சின்னச் சின்னப் பாலங்கள் வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குறுகிய வழி எது என்று அந்தக் கூட்டத்தில் ஒரு எறும்புக்கும் தெரியாது, ஆனாலும் கூட்டம் கண்டுபிடித்துவிடுகிறது. இதை வைத்துத்தான் 1990-களில் கணினியில் வழி தேடும் ஒரு முறையே உருவானது.

உங்கள் சமையலறைக்கு: ஈரத்துணி மட்டும் போதாது, சோப்புத் தண்ணீர் தொட்டு, சுவரில் அவை வந்த இடுக்கு வரைக்கும் துடையுங்கள்.

கேள்வி: செத்த எறும்பை மற்ற எறும்புகள் இழுத்துப் போகின்றனவே, துக்கமா?

துக்கம் இல்லை, அதுவும் வாசனைதான். செத்த உடலில் ஓரிரு நாளில் ஒலியிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள் சேரும். எறும்புகளை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் வில்சனும் உடன் இருந்தவர்களும் 1958-இல் அந்த அமிலத்தை உயிருள்ள எறும்பின் மேல் தடவிப் பார்த்தார்கள். அது காலை உதைத்துக்கொண்டு இருந்தபோதும் மற்றவை அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பை மேட்டில் போட்டன. தன்னை நன்றாகச் சுத்தம் செய்துகொண்ட பிறகுதான் அதைக் கூட்டுக்குள் விட்டன.

கேள்வி: மேடம், பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு. காண்டாமிருக வண்டுக்குப் பொறி வாங்கி வைத்தேன். வைத்த பிறகுதான் பக்கத்துத் தென்னம்பிள்ளைகளில் குருத்து அதிகமாக வெட்டுப்படுகிறது. பொறியே வண்டைக் கூப்பிடுகிறதா?

ஆமாம் ஐயா, கூப்பிடுகிறது. கூப்பிடுவதுதான் அதன் வேலை, வைத்த இடம்தான் தவறு. நாம் எல்லாவற்றையும் இனக்கவர்ச்சிப் பொறி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், அதனால் ஆண் வண்டு மட்டும் பெண்ணைத் தேடி வந்து விழும் என்று தோன்றும். கத்தரியில் குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு வைக்கிற பொறி அப்படித்தான், பெண் அந்துப்பூச்சியின் வாசனை, ஆண் மட்டும் வரும். தென்னை வண்டு வேறு மாதிரி. காண்டாமிருக வண்டில் ஆண்தான் வாசனையை விடும், அது 'இங்கே நல்ல இடம் இருக்கிறது, எல்லோரும் வாருங்கள்' என்கிற சேதி, அதற்கு ஆணும் வரும் பெண்ணும் வரும். சிவப்புக் கூன்வண்டும் அப்படியே. முட்டை வைக்கப்போகும் பெண்ணே வந்து விழுவதால் நமக்கு லாபம் அதிகம், ஆனால் வந்த வண்டு எல்லாமே வாளிக்குள் விழாது, சில வண்டுகள் பக்கத்தில் எது இளசாக இருக்கிறதோ அதில் உட்காரும்.

அதனால் பொறியைத் தென்னம்பிள்ளைகளிலிருந்து நன்றாகத் தள்ளி, தோப்பின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். லூர், அதாவது பொறிக்குள் தொங்கும் வாசனைப் பொட்டலம், அதில் வெயில் நேரே படாமல் இருக்கட்டும், வெயிலில் சீக்கிரம் ஆவியாகித் தீர்ந்துவிடும். கூன்வண்டுப் பொறியில் வாசனை மட்டும் போதாது, அன்னாசித் துண்டோ கள்ளோ மாதிரிப் புளித்த தீனியும் உள்ளே இருந்தால்தான் வரத்து கூடும். இன்னொன்று, எருக்குழியைக் கிளறிப் பாருங்கள். காண்டாமிருக வண்டின் புழு வளர்வது அங்கேதான். அங்கே புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் விடாமல், பொறி மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் வருஷம் முழுவதும் வண்டு பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கேள்வி: எல்லா வாசனையும் ஃபெரோமோன்தானா?

இல்லை. ஒரு விலங்கு வெளியே விட்டு, அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றிடம் குறிப்பிட்ட ஒரு விளைவை உண்டாக்கும் பொருளைத்தான் அப்படிச் சொல்கிறோம். கார்ல்சன், லூஷர் என்ற இருவர் 1959-இல் உருவாக்கிய சொல் அது. அதே வருஷம் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனாண்ட் முதல் ஃபெரோமோனைப் பிரித்துக் காட்டினார். அதற்குச் சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டன, வேலை ஏறக்குறைய 20 வருஷம் இழுத்தது. கிடைத்தது சில மில்லிகிராம். நம் வீட்டு நாய் தெருக்கம்பத்தில் விட்டுப் போகும் மூத்திரத்தில் இருக்கும் தனி ஆள் அடையாளத்தை இப்போது பலரும் ஃபெரோமோன் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அது நாய்க்கு நாய் மாறும், மற்ற நாய்கள் பழகித்தான் கற்றுக்கொள்கின்றன.

கேள்வி: தேன்கூட்டில் புகை போடுவது தேனீயை மயக்கவா?

மயக்க இல்லை. காவல் தேனீ கொட்டும்போது கொடுக்கோடு சேர்ந்து ஒரு எச்சரிக்கை வாசனையும் அங்கே தங்கிவிடும், அதில் முக்கியமானது ஐசோஅமைல் அசிட்டேட், வாழைப்பழ வாசனை. அது மற்ற தேனீக்களுக்கு 'இங்கே கொட்டு' என்ற குறி. புகை அந்தச் சேதியை மறைத்துவிடும். ஒரு தடவை கொட்டு வாங்கிவிட்டால் கொடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் புகை காட்டுங்கள். பெட்டியைத் திறக்கும் முன் வாழைப்பழம் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: யானைக்கு மதம் பிடிப்பதற்கும் வாசனைக்கும் என்ன தொடர்பு?

இதைக் கேட்டவருக்கு நன்றி, ஏனென்றால் இந்தக் கதையில் என் பூச்சிகளும் வருகின்றன. முதலில் பெண் யானை. சினைக்கு ஏற்ற சில நாட்கள் நெருங்கும்போது அதன் மூத்திரத்தில் ஒரு பொருள் கூடிக்கொண்டே வரும். ஆண் துதிக்கை நுனியால் அதைத் தொட்டு, வாய்க்குள் மேலண்ணத்தில் இருக்கும் துளைகளில் வைத்துப் பார்க்கும். அங்கே ஃபெரோமோனை உணரத் தனி உறுப்பு உண்டு. காளை மாடு மோந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்குமே, அதுவும் இதே வேலைதான். பெட்ஸ் ராஸ்முசன் என்ற அமெரிக்க வேதியியலாளர் பல வருஷம் அலைந்து 1996-இல் அந்தப் பொருள் எது என்று வெளியிட்டார். பார்த்தால், நூற்றுக்கும் மேற்பட்ட வகை அந்துப்பூச்சிகள் பயன்படுத்துகிற அதே மூலக்கூறு! அப்படியானால் ஆண் அந்துப்பூச்சி யானை பின்னால் போகாதா என்றால், போகாது. அந்துப்பூச்சிக்கு ஒரே பொருள் போதாது, இரண்டு மூன்று பொருள்கள் அதனதன் அளவில் கலந்து வந்தால்தான் அது தன் இனத்துப் பெண் என்று நம்பும்.

இனி மதம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே வழிகிற மதநீரைப் பழந்தமிழில் கடாம் என்பார்கள், அதை வண்டு மொய்ப்பதாகப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும். அது புலவர் கற்பனை என்றுதான் நானும் படிக்கிற காலத்தில் நினைத்தேன். ராஸ்முசன் குழு 2002-இல் எழுதியது வேறு: இளம் ஆணுக்கு வருகிற மதநீர் தேன்போல் மணக்கும், வயது கூடிய யானையின் மதநீர்தான் வீச்சமடிக்கும். இளசு இனிமையாக மணப்பது, 'நான் சண்டைக்கு வரவில்லை' என்று பெரிய ஆண்களுக்குச் சொல்வதற்காக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அந்தப் பழைய புலவர்கள் யானைக்குப் பக்கத்தில் நின்று மோந்திருக்கிறார்கள் என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: காட்டில் பாசுமதி வாசனை வந்தால் புலி என்கிறார்கள், உண்மையா?

பாதி உண்மை. புலி எல்லை குறிக்க மரத்தில் பீய்ச்சும் திரவத்தில் பாசுமதியின் மணத்துக்குக் காரணமான அதே பொருள் இருப்பதைக் கொல்கத்தா விஞ்ஞானி ரத்தன்லால் பிரம்மச்சாரி கண்டுபிடித்தார். இலங்கையில் கறிக்குப் போடும் ரம்பை இலையிலும் அதுதான். ஆனால் மரநாய் வாடையையும் ரம்பை மாதிரி என்பார்கள். அதனால் வாசனை வந்ததுமே ஓட வேண்டாம், ஆனால் அங்கே நின்று ஆராயவும் வேண்டாம்.

கேள்வி: உருளைக்கிழங்கு வேகும் வாசனை வந்தால் பாம்பு இருக்கிறது என்று பாட்டி சொல்வார். அப்புறம் ஒரு பாம்பை அடித்தால் ஜோடி பழிவாங்க வருமாமே?

பாம்பு அப்படி வாசனை விடுவதாக எந்த ஆதாரமும் இல்லை. பிடித்தால் வாலடிச் சுரப்பியிலிருந்து நாறும் திரவம் விடும், அவ்வளவுதான். பழிவாங்குவதற்கு வேண்டிய நினைவும் கோபமும் பாம்புக்குக் கிடையாது. ஆனால் பாட்டி பார்த்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இணைசேரும் பருவத்தில் பெண் பாம்பு போன தடத்தை ஆண், நாக்கை நீட்டி நீட்டி, இரண்டு நுனியில் எதில் வாசனை கூட என்று பார்த்துப் பின்தொடரும். அடிபட்டது பெண்ணாக இருந்தால் அந்தத் தடத்தைப் பிடித்து ஒரு ஆண் அங்கே வந்து சேரலாம். தயவுசெய்து அடிக்காதீர்கள், பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஃபெரோமோன் சென்ட் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. மனிதரிடம் இதுதான் ஃபெரோமோன் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட பொருள் இன்று வரை ஒன்றுகூட இல்லை. அந்தப் புட்டிகளில் சிலவற்றில் ஆண்ட்ரோஸ்டீனோன் போடுகிறார்கள், அது ஆண் பன்றியின் எச்சிலில் இருக்கிற பொருள், பெண் பன்றி சினைக்குத் தயாரா என்று பார்க்கப் பண்ணைகளில் தெளிப்பார்கள். உங்கள் காசு உங்களிடமே இருக்கட்டும். பிறந்த குழந்தை அம்மாவின் மார்பு வாசனையை நோக்கித் தலையைத் திருப்புகிறது, அதைப் பற்றி நடக்கும் ஆய்வுகளைத்தான் நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு. வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா, அக்கா?

முடியும் கண்ணா. எறும்பு வரிசையின் குறுக்கே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, கொஞ்ச நேரம் அவை அதன் மேல் நடந்து பழகட்டும். அப்புறம் தாளை மெதுவாகக் கால் சுற்று திருப்பு. எறும்புகள் தாளின் விளிம்பில் வந்து எந்தப் பக்கம் திரும்புகின்றன, எத்தனை நிமிஷத்தில் புது வழி போடுகின்றன என்று எழுதி வை. மத்தியான வெயிலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை செய், இரண்டு நேரத்தையும் எனக்கு அனுப்பு.