விளக்கமறியலில் உள்ள தம்பிக்கு மூன்று வாரமாக இருமல்: நீதிமன்றத்தில் எதைக் கேட்பது?

கேள்வி: நாங்கள் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவர்கள். என் தம்பி ஒரு களவு வழக்கில் இரண்டு மாதமாக விளக்கமறியலில் இருக்கிறான். நீதவான் பிணை வழங்கிவிட்டார். ஆனால் காசுப் பிணையும் அரச உத்தியோகத்தர் இருவரின் சரீரப் பிணையும் கொடுக்க எங்களுக்கு வழியில்லை. அவனுக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவரைக் காசநோய் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். இப்போது தம்பிக்கும் இருமல். பார்க்கப் போனபோது சாரத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் கதைத்தான். பனடோல் மட்டும் கொடுக்கிறார்களாம். சளி எடுத்துப் பார்க்கவில்லையாம். வாய் திறந்தால் தூரத்துச் சிறைக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயப்படுகிறான். என்னுடைய 4 வயது மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் சளிப் பரிசோதனை நடக்க வேண்டும், பிணை அதற்கு அடுத்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலே காசநோய்ப் பரிசோதனைக்குப் போதுமான காரணம். உங்கள் தம்பியோ நோய் உறுதியான ஒருவருக்குப் பக்கத்தில் பல இரவுகள் படுத்திருக்கிறார். விளக்கமறியல் தண்டனை அல்ல. அடைத்து வைக்கப்பட்டவர் தானாக வைத்தியரிடம் போக முடியாது என்பதால், அவரைக் கொண்டுபோய்க் காட்டும் பொறுப்பு அடைத்து வைத்தவர்களுடையது. 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே சிறைச்சாலை வைத்திய அதிகாரிக்கும், நோயுற்ற கைதியை வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கும் இடம் வைக்கப்பட்டுள்ளது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தையை எவர் விடயத்திலும் தடை செய்கிறது. கைதிக்கு அதில் விலக்கு இல்லை.

சிறைச்சாலை அத்தியட்சகருக்கு இன்றே ஒரு கடிதம் எழுதி, வைத்திய அதிகாரிக்கும் பிரதி அனுப்புங்கள். இருமல் தொடங்கிய திகதி, பக்கத்தில் படுத்திருந்தவர் கொண்டுபோகப்பட்ட திகதி, கொடுக்கப்பட்ட மருந்து, காய்ச்சலோ இரவு வியர்வையோ மெலிவோ இருந்தால் அது, எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்; தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்காக அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டத்தரணி ஊடாக நகர்த்தல் பத்திரம் (மன்றிடம் ஒன்றைக் கோரும் எழுத்து விண்ணப்பம்) ஒன்றைத் தாக்கல் செய்து வழக்கை முன்கூட்டியே அழைப்பிக்கலாம். அதில் "சந்தேகநபருக்குச் சுகமில்லை" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. நாளாந்தம் அந்த வசனத்தைக் கேட்கும் நீதவானின் காதில் அது ஏறாது. இப்படியான ஒரு வழக்கில் இருமல் எப்போது தொடங்கியது என்று மன்று கேட்டபோது, "கொஞ்ச நாளாக, ஐயா" என்று தாயார் சொல்ல, நான் கையில் ஒரு திகதியும் இல்லாமல் நின்ற சங்கடம் இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே, குறித்த திகதிக்குள் சளிப் பரிசோதனை செய்வித்து அதன் பெறுபேற்றை மன்றுக்குச் சமர்ப்பிக்குமாறு அத்தியட்சகருக்குக் கட்டளையிடும்படி கேளுங்கள்.

இடமாற்றப் பயம் நியாயமானதுதான். ஆனால் மறைப்பது அவருக்கும் ஆபத்து, அந்த மண்டபத்தில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து. நோய் உறுதியானால் தொற்று அடங்கும் வரை, பொதுவாகச் சிகிச்சையின் முதல் இரண்டு வார அளவில், அவரைத் தனியாக வைப்பது சரியே. 2015இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளும், தொற்றுச் சந்தேகம் உள்ளவரைத் தனிமைப்படுத்திச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்றே சொல்கின்றன. ஆனால் அது வைத்தியத்துக்கான தனிமை. தண்டனை அறையில் பூட்டுவதையும், சட்டத்தரணியைச் சந்திக்க விடாமல் தடுப்பதையும் அந்தப் பெயரில் செய்ய முடியாது. ஒருவரை மட்டும் பிரித்துவிட்டு, காற்றோட்டமில்லாத மண்டபத்தில் மற்றவர்களைச் சோதிக்காமல் விடுவதும் நோய்த்தடுப்பு ஆகாது. அங்கிருந்த அனைவரையும் பரிசோதிக்கும்படி மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் தனிக் கடிதம் எழுதுங்கள். கைதிகளின் நோய்ப் பயத்தைக் கவனியாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நாடு பார்த்திருக்கிறது: கொரோனா அச்சம் சூழ்ந்திருந்த 2020 நவம்பர் 29இல் மஹர சிறையில் மூண்ட கலவரத்தில் 11 கைதிகள் உயிரிழந்தார்கள்.

இனிப் பிணை. பிணை கிடைத்தும் பிணையாளி இல்லாமல் ஒருவர் நெருக்கடியான மண்டபத்தில் இருமிக்கொண்டு கிடப்பதைப் போல வீணான காரியம் வேறில்லை என்பது என் எண்ணம். அவரை வெளியே எடுப்பதே அங்குள்ள மற்றவர்களுக்கும் செய்யும் நோய்த்தடுப்பு. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு. வழங்கிய பிணையின் நிபந்தனை நிறைவேற்ற முடியாததாக இருந்தால் அந்த விதிக்குப் பொருளில்லை. காசுப் பிணையைக் குறைக்கவும், அரச உத்தியோகத்தருக்குப் பதிலாக நிரந்தர வதிவிடமுள்ள உறவினர் இருவரை ஏற்கவும் விண்ணப்பியுங்கள். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், குடும்ப வருமான அத்தாட்சி, மருத்துவ அறிக்கை மூன்றையும் இணையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையெனில் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம்.

இவ்வளவுக்கும் அசைவில்லையென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்தில் முறையிடுங்கள், கட்டணமில்லை. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தடுப்பு இடங்களைப் பார்வையிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அரசியலமைப்பு தரும் உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அடிப்படை உரிமை மனுவுக்கான கால எல்லை ஒரு மாதம் என்பதால், முறைப்பாட்டையும் அந்த மாதத்துக்குள் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் ஆணைக்குழு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வாங்கி வைக்க வேண்டும்.

மகளைப் பற்றி: கம்பி வலைக்கு அப்பால் சில நிமிடம் கதைத்ததில் ஆபத்து குறைவு; எனினும் சிறு பிள்ளை என்பதால் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் விபரம் சொல்லிக் காட்டுங்கள், அங்கு சிகிச்சை இலவசம். தம்பியின் உடுப்பையோ சாப்பாட்டுப் பாத்திரத்தையோ எறிய வேண்டாம். இந்நோய் காற்றில்தான் பரவுகிறது.

நோய் உறுதியாகி மருந்து தொடங்கிய பிறகு பிணை கிடைத்தால், வாசலில் அவரை ஏற்றிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சிகிச்சை பொதுவாக 6 மாதம். இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம். சிகிச்சை அட்டையையும் மறுநாளுக்கான குளிசையையும் கேட்டு வாங்கிய பின்பே புறப்படுங்கள்.