கேலடோனியன் கால்வாயில் படகு ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். நண்பர்கள் ஆறு பேர் ஜூனில் ஒரு வாரம் ஸ்காட்லாந்தின் கேலடோனியன் கால்வாயில் படகு எடுத்துச் சுற்ற ஆசைப்படுகிறோம். ஒருவருக்கும் ஓட்டத் தெரியாது. சான்றிதழ் இல்லையென்றால் ஸ்கிப்பர் (படகை ஓட்டித் தரும் ஆள்) கட்டாயம் என்று ஏஜெண்ட் தனியாகப் பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இந்தக் கால்வாயில் வாடகை மோட்டார் படகை ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. படகை ஒப்படைக்கும்போது கம்பெனிக்காரர்களே சொல்லித் தருவார்கள். இதைப் பளிச்சென்று முதல் வரியில் எழுதிவைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் போடுகிறார்கள். இடைத்தரகர்கள் பிழைப்பதே அதில்தான். கம்பெனியிடம் நேரடியாகப் பதிவு செய்யுங்கள். முன்பணம் எப்போது திரும்பும், படகில் கீறல் விழுந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பாய்மரப் படகு என்றால் விஷயம் வேறு. சட்டம் கேட்காவிட்டாலும் படகுக்காரர் அனுபவம் கேட்பார், கேட்பதுதான் நியாயம். கால்வாய் வழியில் வரும் லாக் நெஸ் ஏரி சுமார் 37 கிலோமீட்டர் நீளம். இருபுறமும் மலை. தென்மேற்குக் காற்று அதன் நீளவாக்கில் வீசினால் அலை கடல்போல எழும். சட்டென்று ஒதுங்க இடமும் குறைவு, தண்ணீரோ கோடையிலும் உடம்பை விறைக்க வைக்கும். வெட்டிய கால்வாய்ப் பகுதியில் எப்படியும் என்ஜின்தான். ஆகவே, பாய் விரிக்கத் தெரிந்தவர் உங்களில் இல்லையென்றால் அந்த ஆசையை விடுங்கள். பிடிவாதமாக வேண்டுமென்றால் மட்டும் ஸ்கிப்பருக்குச் செலவழியுங்கள்.

மூன்றே நாளில் போய்த் திரும்பலாம் என்று யாராவது அட்டவணை நீட்டினால் நம்பாதீர்கள். கால்வாயின் ஒரு முனையான இன்வர்னஸிலிருந்து மறுமுனையான கார்ப்பாக் வரை 97 கிலோமீட்டர், 29 லாக்குகள் (தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் கதவு போட்ட தொட்டிகள்). ஃபோர்ட் அகஸ்டஸில் மட்டும் அடுத்தடுத்து ஐந்து. லாக்குகளை ஊழியர்களே இயக்குவார்கள், ஆனால் மாலையில் மூடிவிடுவார்கள். வரிசையில் நிற்கும் நேரம் வேறு. கார்ப்பாக்கை ஒட்டிய பனாவியில் எட்டு லாக் கொண்ட படிக்கட்டுக்கு மேலேயே வாடகைப் படகுகள் பொதுவாகத் திரும்பிவிடும். ஒரு வாரம் சரியான கணக்கு.

லாக்குக்குள் கயிற்றை மட்டும் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடாதீர்கள். தண்ணீர் இறங்க இறங்க, கட்டிய பக்கம் கயிற்றில் தொங்கி, படகு சாய்ந்துவிடும். கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி நுனியைக் கையில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். அந்த நேரத்தில் இருவர் கையிலும் செல்போன் வேண்டாம்.