கோச் எழுதிய பலமும் பலவீனமும்: கூடைப்பந்து ஆடும் மகனின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

நீங்கள் அனுப்பிய ஒரு பக்க அறிக்கையைப் படித்தேன். பலம் என்ற தலைப்பில் உயரம், ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), ஷாட் பிளாக் (எதிரி எறிவதைத் தடுப்பது) என்று மூன்று வரி. பலவீனம் என்ற தலைப்பில் தூரத்திலிருந்து ஷூட்டிங், இடது கை, டிஃபென்ஸில் கால் வேகம் என்று ஏழெட்டு வரி. "இவ்வளவு குறை இருக்கிற பையனை எப்படி விளையாட்டை நம்பி விடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பிக்கு இருபது வயது, பி.காம். கடைசி ஆண்டு. ஒரு லீக் சீசன் சம்பளம் வாங்கி ஆடிவிட்டான், அடுத்த ஒப்பந்தமும் வந்திருக்கிறது. அவன் அப்பா வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார். வீட்டில் இரவெல்லாம் பேச்சு இதுதான் என்பதும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது.

முதலில் வரிகளை எண்ணுவதை விடுங்கள். பலம் என்று எழுதியிருக்கும் ஒவ்வொன்றையும் பார்த்து, "ஒரு படி மேலே போனாலும் இது பலமாகவே இருக்குமா?" என்று கேளுங்கள். பலவீனம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, "ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் இதனால் அவனைப் பெஞ்சில் உட்கார வைப்பார்களா? இந்த வயதில் இதைச் சரிசெய்ய முடியுமா?" என்று கேளுங்கள். இப்படிப் பார்த்தால் அந்தத் தாளில் எனக்குக் கவலை தருவது பலவீனப் பட்டியலில் இல்லை. பலம் என்று எழுதியிருக்கும் முதல் வரிதான்.

தம்பி 6 அடி 4 அங்குலம். நம் பள்ளிகளில் உயரமான பையனை ரிங்குக்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். பந்து வந்தால் பிடி, திரும்பு, போடு. அதை வைத்தே ஜெயித்துவிடலாம் என்பதால் அவனுக்கு பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடவோ, வெளியே நின்று எறியவோ, ஓடுகிறவனைப் பின்தொடரவோ யாரும் பொறுமையாகக் கற்றுத் தருவதில்லை. பள்ளியில் இந்த உயரம் மலை. தேசிய அளவில் ஆறரை அடிக்கு மேல் உள்ளவர்கள் எதிரே நிற்பார்கள், அங்கே இவன் நடுத்தர உயரக்காரன். பிவட்டாக (ரிங்குக்குக் கீழே நிற்பவனாக) வளர்ந்தவன் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன்) அல்லது விங் (பக்கவாட்டில் வெளியே நின்று ஆடுபவன்) இடத்தில் ஆட வேண்டி வரும். அறிக்கையில் உள்ள ரீபவுண்டும் பிளாக்கும் கல்லூரி எதிரிகளுக்கு எதிராக வந்தவை. பாதியாவது மேலே கூட வருமா என்று பார்க்க வேண்டும்.

உயரம் மட்டும் போதாது என்பதற்கு சத்னாம் சிங்கின் கதையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பஞ்சாப் கிராமத்துப் பையன், 7 அடி 2 அங்குலம், பதினான்கு வயதில் ஃப்ளோரிடாவில் பயிற்சிக்குப் போனவர். 2015 ஜூனில், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது நாடே கொண்டாடியது, நியாயமான கொண்டாட்டம்தான். ஆனால் அதே ஜூனில் என்.பி.ஏ. இறுதிப் போட்டியில் என்ன நடந்தது தெரியுமா? கோல்டன் ஸ்டேட் அணி நான்காவது ஆட்டத்திலிருந்து தன் ஏழடி சென்டரை, அதாவது பிவட்டை, தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, உயரம் குறைந்த இகுவோடாலாவை இறக்கியது. ஆறரை அடி அளவுள்ள டிரேமண்ட் கிரீன் சென்டர் இடத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த ஆட்டம் உட்பட அடுத்தடுத்து மூன்று ஆட்டத்தையும் வென்று கோப்பையை எடுத்தது. ஆட்டம் வேகத்துக்கும் தூர ஷூட்டிங்குக்கும் நகர்ந்துகொண்டிருந்தது. சத்னாம் டல்லாஸின் துணை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் ஆடினார், என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. அவரிடம் உழைப்பு இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவருடைய மிகப் பெரிய பலத்தின் விலை, அவர் உள்ளே நுழையும் நேரத்தில் குறைந்துகொண்டிருந்தது.

அடுத்து ஷூட்டிங். இதைத்தான் நீங்கள் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் நம்பிக்கை உண்டு, ஆனால் ஒரு எண்ணைப் பார்த்த பிறகுதான் சொல்வேன். கவாய் லெனார்ட் சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு ஆடியபோது த்ரீ பாயிண்டரில் (மூன்று புள்ளி தரும் தூர எறிதலில்) நூற்றுக்கு 30ஐக்கூடத் தொடவில்லை. 2011இல் 15ஆவது ஆளாகத்தான் தேர்வானார். சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ் அவருக்காக கார்டு இடத்தில் ஆடும் ஒரு நல்ல வீரரை விட்டுக்கொடுத்தது. அங்கே ஷூட்டிங் பயிற்சியாளர் சிப் எங்கெலாண்ட் அவர் பந்தை விடும் இடத்தை மாற்றினார். முதல் ஆண்டிலேயே 37 சதவீதத்துக்கு மேல். 2014 இறுதிப் போட்டியின் சிறந்த வீரரும் அவர்தான். இத்தனைக்கும் கல்லூரியில் அவருடைய ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் எறிதல்) மோசமில்லை, நான்கு போட்டால் ஏறக்குறைய மூன்று விழும். யாரும் தடுக்காமல் 15 அடியிலிருந்து எறியும் எறிதலில் கையின் உண்மை தெரிந்துவிடும். அதனால்தான் ஒரு பையன் நாளைக்கு தூரத்திலிருந்து எறிவானா என்று கணிக்க, இன்றைய த்ரீ பாயிண்டரைவிட ஃப்ரீ த்ரோவை நம்புகிற ஸ்கவுட்கள் (அணிகளுக்காக வீரர்களைத் தேடுபவர்கள்) நிறைய.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பென் சிம்மன்ஸ் 2016இன் முதல் தேர்வு, 2018இன் சிறந்த புதுமுகம். உயரம், வேகம், பாஸ், டிஃபென்ஸ் எல்லாம் உண்டு, எறிதல் மட்டும் இல்லை. வழக்கமான சீசனில் அது மறைந்துவிடும். 2021 பிளேஆஃபில் (வழக்கமான சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) எதிரணிகள் வேண்டுமென்றே அவரை ஃபவுல் செய்தன: 73 ஃப்ரீ த்ரோவில் 25தான் விழுந்தது. அட்லாண்டாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், ரிங்குக்குக் கீழே பந்தைப் போடக்கூடிய இடத்தில் நின்றுகொண்டு பாஸ் கொடுத்தார். எறியத் தெரியாதது அதற்குள் எறியவே தயங்குவதாக மாறிவிட்டது. ஆகவே தம்பியிடம் "எத்தனை விழுகிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆட்டத்தில் வெளியே காலியாக நிற்கும்போது எறிகிறானா, பந்தைத் தள்ளிவிடுகிறானா என்று பாருங்கள். எறிந்து தவறவிடுபவனைத் திருத்த வழி இருக்கிறது. அவன் ஃப்ரீ த்ரோ நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இருந்தால் ஷூட்டிங் வரியைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம்.

இடது கை சீக்கிரம் சரியாகும். தினம் அரை மணி நேர ஒழுங்கான பயிற்சி, ஓர் ஆண்டு. அவ்வளவுதான்.

கால் வேகம் அப்படியில்லை. பக்கவாட்டில் நகரும் வேகத்தில் ஒரு பகுதி பிறப்பிலேயே வருவது. இடுப்பைத் தாழ்த்தி நிற்கப் பழகுவது, கால் தசையைப் பலப்படுத்துவது, எடையைச் சரியாக வைப்பது, இவற்றால் கொஞ்சம் கூட்டலாம். மெதுவாக ஓடுகிறவர்களும் பெரிய வீரர்களாகியிருக்கிறார்கள். நிகோலா யோகிச் 2014இல் 41ஆவது ஆளாகத் தேர்வாகி, பிறகு மூன்று முறை எம்.வி.பி., அதாவது சீசனின் சிறந்த வீரர் விருது, வாங்கினார். ஆனால் அவர் 6 அடி 11 அங்குலம், அடுத்து என்ன நடக்கும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே பார்த்துவிடுபவர். அவரைக் காட்டி எந்தப் பையனையும் சமாதானப்படுத்த மாட்டேன். தம்பி விங் இடத்துக்கு மாறினால் எதிரணி அவன் பக்கம்தான் பந்தைக் கொண்டுவரும். அறிக்கையில் உண்மையிலேயே கனமான பலவீனம் இது ஒன்றுதான். கோச்சிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: "நெருக்கடியில் எதிரணியில் யாரைத் தடுக்க என் மகனை நிறுத்துவீர்கள்?" பதில் சொல்லத் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

அந்தத் தாளில் இல்லாத சில விஷயங்களும் உண்டு. முழங்கால் எப்படி இருக்கிறது? நம் ஊரில் பல கோர்ட்டுகள் இன்னும் சிமெண்ட் தரை. சின்ன வயதிலிருந்து அதில் குதித்தவர்களுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே வலி சகஜம், வலியை மறைப்பதும் சகஜம். விளையாட்டுக் காயம் பார்க்கும் ஃபிசியோவிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்கிறான்? ஆட்டத்தைப் பார்க்கிறானா, தரையைப் பார்க்கிறானா? தொழில்முறை அணியில் முதல் இரண்டு ஆண்டு பெரும்பாலும் பெஞ்சில்தான் போகும்.

இன்னொருவர் கருத்தும் வேண்டும். சொந்த கோச் பாசத்தால் கூட்டியோ, கோபத்தால் குறைத்தோ எழுதலாம். இவனுக்கு எதிராக ஆடிய அணியின் கோச்சிடம் கேளுங்கள், அவர் இவனைத் தோற்கடிக்க யோசித்தவர். மூன்று ஆட்டத்தின் வீடியோவைப் பாருங்கள், அதில் ஒன்றாவது பெரிய வித்தியாசத்தில் தோற்றதாக இருக்கட்டும். அவன் எடுத்த புள்ளிகளைவிட, அவனிடமிருந்து பந்து பறிபோன தருணங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் சொல்வதும் மகன் சொல்வதும் ஒன்றை ஒன்று அடிக்கும் வழிகள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வயது வரம்பைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ரயில்வேயின் ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்புகளில் வயது 18 முதல் 25 வரைதான், அதில் தளர்வு கிடையாது. பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் தேர்வுக்குப் பொதுப் பிரிவிலேயே 28 வரையும், அதிகாரி தேர்வுக்கு 30 வரையும் உட்காரலாம். முதலில் மூடும் கதவு விளையாட்டின் கதவுதான். வங்கித் தேர்வு ஓடிப்போகாது, பட்டம் கையில் இருந்தால். ஆகவே கடைசி செமஸ்டரை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் வேண்டாம் என்பதில் நான் உங்கள் கணவர் பக்கம். பட்டம் முடிந்த பின் மூன்று நான்கு ஆண்டு ஆடட்டும் என்பதில் மகன் பக்கம்.

தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வங்கி, சுங்கத்துறை அணிகளின் பெயர்களை மகனே சொல்வான். சென்னையின் அனிதா பால்துரை 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டனாகி, தெற்கு ரயில்வேயில் வேலையோடு ஆடி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். இந்த வேலைகளுக்கெல்லாம் சான்றிதழின் தரம்தான் பேசும். மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதும், பல்கலைக்கழகத்துக்காக அகில இந்தியப் போட்டியில் ஆடியதும் கணக்கில் வரும். தனியார் லீக்கில் எத்தனை புள்ளி எடுத்தாலும் அந்தச் சான்றிதழுக்கு அது ஈடாகாது. இந்த ஆண்டு பல்கலைக்கழகப் போட்டியும் லீக்கும் ஒரே தேதியில் வந்தால் பல்கலைக்கழகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். சம்பளம் சீசன் மாதங்களுக்கு மட்டுமா, ஆண்டு முழுவதுமா? அடிபட்டால் அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா? மாநில, பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு விடுவார்களா? அவனை எந்த இடத்தில் ஆட வைக்கப் போகிறார்கள்? கடைசிக் கேள்விக்கு "பிவட்" என்று பதில் வந்தால் என்னிடம் சொல்லுங்கள். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் அவனை விங்காக ஆடவிடும் அணி கிடைக்கிறதா என்று சேர்ந்து தேடலாம்.