பாடி மாத்துறீங்களா, லென்ஸ் பையை முதல்ல திறங்க

புது கேமரா பாடி வாங்கும்போது, கையில இருக்கற பழைய லென்ஸை என்ன பண்றதுன்னு ஆளாளுக்கு கேட்டிருந்தீங்க. நான் கல்யாண வேலை பாக்குற ஆளு, நடுவுல நேரம் கெடைச்சா பறவை பின்னாடி சுத்துவேன். கேனான், நிக்கான் ரெண்டுலயும் வேலை பாத்திருக்கேன், சோனி நண்பர்கள்ட்ட வாங்கி தொட்டுப் பாத்ததோட சரி. அதனால சோனிக்காரங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்.

அண்ணே, கேனான் 1500டி வச்சிருக்கேன், 18-55, 55-250 ரெண்டு லென்ஸும் இருக்கு. ஆர்8 வாங்கலாம்னு இருக்கேன். அடாப்டர் போட்டா பழைய லென்ஸ் எல்லாம் ஓடும்னு கடையில சொல்றாங்க, நெசமா?

ஓடும் தம்பி, ஆட்டோஃபோகஸோட சேத்தே ஓடும். பழைய இஎஃப் மவுண்ட்ல லென்ஸ் மாட்டுற வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவுல 44 மில்லிமீட்டர் தூரம், புது ஆர்எஃப்ல 20 தான். மிச்சம் 24 மில்லிமீட்டரை நிரப்புற வெறும் குழாய்தான் அந்த அடாப்டர், உள்ள கண்ணாடியே கிடையாது, அதனால படத்தோட தரம் குறையாது.

ஆனா கடைக்காரர் பாதிதான் சொல்லியிருக்காரு. உங்க ரெண்டு லென்ஸுமே இஎஃப்-எஸ், அதாவது சின்ன சென்சாருக்குன்னு செஞ்சது. ஆர்8 ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார். இதை மாட்டுன உடனே அந்த பாடி தானாவே ஓரத்தை வெட்டிட்டு நடுப்பகுதியை மட்டும்தான் எடுக்கும், 24 மெகாபிக்ஸல் போயி 9 சொச்சம்தான் மிஞ்சும். உங்க 1500டி-யிலயே 24 இருக்கு! காசு குடுத்து பின்னாடி போற மாதிரி ஆயிரும். ஒண்ணு, ஆர்10 இல்ல ஆர்7 மாதிரி சின்ன சென்சார் இருக்கற கிராப் பாடியே எடுத்துட்டு ரெண்டு லென்ஸையும் நிம்மதியா ஓட்டுங்க. இல்ல ஆர்8தான் வேணும்னா பட்ஜெட்ல ஒரு ஃபுல் ஃப்ரேம் லென்ஸையும் இப்பவே சேத்து கணக்கு போடுங்க, செகண்ட் ஹேண்ட் இஎஃப் 24-105 எஃப்/4 கெடைச்சா அதே அடாப்டர்ல அழகா ஓடும். இன்னொண்ணு, ஆர்8 பாடிக்குள்ள கை நடுக்கத்தை சமாளிக்கற ஸ்டெபிலைசர் இல்ல, கேட்டுட்டு வாங்குங்க.

அப்பாவோட நிக்கான் டி90-யும் 50 எம்எம் 1.8டி-யும் என்கிட்ட இருக்கு சார். இசட்5 வாங்கி அந்த 50-ஐ போடலாமா? சென்டிமென்ட்டா வச்சிருக்கேன்.

போடலாம், ஆனா ஃபோகஸை நீங்கதான் கையால திருப்பணும். டி90 பாடிக்குள்ள ஒரு மோட்டார் இருக்கு, மவுண்ட்ல ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி சின்னதா ஒண்ணு நீட்டிட்டு இருக்கும் பாருங்க, அதுதான் உங்க 1.8டி லென்ஸை சுத்துது. இசட் பாடியிலயும் அந்த மோட்டார் இல்ல, நடுவுல போடுற எஃப்டிஇசட் அடாப்டர்லயும் இல்ல. நிக்கான் எஃப் மவுண்ட் 1959-ல இருந்து வர்றது, அதனால பழைய லென்ஸ் விதவிதமா ஏகப்பட்டது இருக்கு, 'அடாப்டர் போட்டா எல்லாம் ஓடும்'னு யாராவது சொன்னா லென்ஸ் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஏஎஃப்-எஸ்னு இருந்தா லென்ஸுக்குள்ளயே மோட்டார் இருக்கு, பிரச்சனை இல்ல. வெறும் ஏஎஃப்னு இருந்தா கைவேலைதான். மத்தபடி அபர்ச்சர் (வெளிச்சம் விடுற துவாரம்), மீட்டரிங் (வெளிச்சத்தை அளக்குறது) எல்லாம் ஒழுங்கா ஓடும், ஃபோகஸ் பீக்கிங் ஆன் பண்ணீங்கன்னா ஃபோகஸ் ஆன இடத்தோட ஓரம் கலர்ல மின்னும், அசையாம உக்காந்திருக்கற ஆளை எடுக்க அதுவே போதும். அப்பா லென்ஸை விக்காதீங்க, வித்தாலும் பெருசா ஒண்ணும் தேறாது.

எல்லாரும் 50 எம்எம் 1.8 வாங்கு வாங்குன்னு சொல்றாங்க அண்ணா. குழந்தைக்கு எட்டு மாசம், தவழுறான், வீட்டுக்குள்ளதான் எடுப்பேன். என்கிட்ட நிக்கான் டி5600-யும் அதோட கூடவே வந்த கிட் லென்ஸும் இருக்கு. பாடியும் மாத்தணுமோ?

பாடியை விடும்மா, அது நல்லாத்தான் இருக்கு. கிட் லென்ஸை 50-ல வச்சா எஃப்/5.6-க்கு மேல திறக்காது (இந்த நம்பர் சின்னதா இருந்தா துவாரம் பெருசுன்னு அர்த்தம்), 1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள விடும். அதாவது ட்யூப்லைட் வெளிச்சத்துல பத்துல ஒரு செகண்டுக்கு இழுத்துட்டு இருந்த ஷட்டர் நூத்துல ஒரு செகண்டுக்கு வந்துரும். புது பாடியில ஸ்டெபிலைசர் இருக்கேன்னு கேப்பீங்க, அது உங்க கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், பிள்ளை ஓடுறதை நிறுத்தாது.

ஆனா 50 வேண்டாம்னு நெனைக்கிறேன். உங்க சென்சார்ல அது ஃபுல் ஃப்ரேம்ல 75 போட்ட மாதிரி தெரியும், பத்துக்குப் பத்து ரூம்ல பையன் முழுசா ஃப்ரேமுக்குள்ள வரணும்னா நீங்க பின்னாடியே போயி பீரோல முட்டிட்டு நிப்பீங்க. ஒரு வேலை பண்ணுங்க, கிட் லென்ஸை 35-ல வச்சு ஜூம் வளையத்துல செல்லோ டேப் ஒட்டிருங்க, ஒரு வாரம் அப்படியே எடுங்க, அடுத்த வாரம் 50-ல ஒட்டுங்க. எதுல திட்டாம எடுத்தீங்களோ அதை வாங்குங்க. பெரும்பாலும் 35 எம்எம் 1.8 டிஎக்ஸ்னுதான் வருவீங்க, டிஎக்ஸ்னா நிக்கானோட சின்ன சென்சாருக்கான லென்ஸ். ஏஎஃப்-எஸ்னு எழுதியிருக்கறதா பாத்து வாங்கணும், டி5600-லயும் அந்த மோட்டார் கிடையாது.

கல்யாணத்துக்கு 24-70 2.8 ஒண்ணா, இல்ல 35, 85னு ஜூம் ஆகாத ரெண்டு பிரைம் லென்ஸா?

ஒரே பாடின்னா ஜூம். ஆரம்பத்துல நான் பிரைம் மட்டும்தான்னு வீறாப்பா திரிஞ்சவன். ஒரு முகூர்த்தத்துல 85-ஐ கழட்டி 35-ஐ மாட்டிட்டு இருக்கேன், கெட்டிமேளம்னு சத்தம், நிமிந்து பாத்தா சொந்தக்காரங்க மொத்தமும் எந்திரிச்சு நிக்கிறாங்க, முதுகுதான் தெரியுது. தாலி கட்டுன படம் வீடியோகாரர்ட்ட கெஞ்சி ஒரு ஃப்ரேம் வாங்கி ஒப்பேத்துனேன். ரெண்டு பாடி வந்தப்புறம் பிரைம் பத்தி பேசலாம். ஹோமப் புகைக்குள்ள லென்ஸ் கழட்டுறதும் சென்சாருக்கு நல்லதில்ல. பிராண்ட் லென்ஸ் எட்டலைன்னா டாம்ரான், சிக்மா பாருங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

வேடந்தாங்கல் போகணும் ப்ரோ, 55-250 பத்தல. 150-600 வாங்கவா?

கூழைக்கடாவும் நாரையும் மரத்துல கூட்டமா உக்காந்திருக்கறதுக்கு 250-யே ஓரளவு வரும், ஒத்தைப் பறவை ஃப்ரேம் நிறைய வேணும்னாதான் 400-க்கு மேல தேவை. கேனான் கிராப் பாடியில 400 போட்டா 640 மாதிரி தெரியும், அதனால பறவைக்குன்னு ஃபுல் ஃப்ரேமுக்கு ஓடாதீங்க. 150-600 ரெண்டு கிலோ பக்கம், கையில தூக்கி அரை மணி நேரம் நின்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம், ஆனா 400-ல எஃப்/8, விடியக்காலை வெளிச்சத்துல ஐஎஸ்ஓ-வை, அதாவது சென்சாரோட உணர்திறனை, ஏத்தித்தான் ஆகணும். டிசம்பர், ஜனவரில போங்க, வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்து முடிங்க. அப்புறம் தண்ணி மேல காத்து நெளிய ஆரம்பிச்சிரும், எந்த லென்ஸ் போட்டாலும் படம் கொழகொழன்னுதான் வரும். லென்ஸ் சாஃப்ட்னு சர்வீஸுக்கு எடுத்துட்டு ஓடுனவங்களைப் பாத்திருக்கேன்.

சோனி ஏ6000-ல இருந்து ஃபுல் ஃப்ரேமுக்கு போனா லென்ஸ் ஒத்து வருமா?

மவுண்ட் ஒண்ணேதான், அடாப்டர் வேண்டாம். சோனி லென்ஸ் மேல எஃப்இ-ன்னு இருந்தா ஃபுல் ஃப்ரேமுக்கு, வெறும் ஈ-ன்னு இருந்தா கிராப்புக்கு. ஈ-யை போட்டா கேனான் தம்பிக்கு சொன்ன அதே கதைதான், பாதிக்கு மேல பிக்ஸல் போயிரும்.

சென்னையில இருக்கேன், செகண்ட் ஹேண்ட்ல லென்ஸ் வாங்குனா ஃபங்கஸ், அதாவது உள்ள பூஞ்சை புடிச்சிருக்குமோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயம்தான். அபர்ச்சரை முழுசா திறந்துட்டு போன் டார்ச்சை பின்பக்கம் அடிச்சு முன்பக்கமா சாய்ச்சுப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா பேரம்கூட பேசாதீங்க, கோட்டிங்கை அரிச்சிருந்தா தொடைச்சாலும் தழும்பு போகாது. தூசி நாலு புள்ளி இருக்கறதெல்லாம் பரவாயில்ல. உங்க பாடியை கையோட கொண்டுபோயி ஜூம் ரெண்டு கடைசியிலயும் ஃபோகஸ் புடிக்குதான்னு எடுத்துப் பாருங்க. வாங்குனப்புறம் லெதர் உறைக்குள்ள போட்டு பீரோல பூட்டாதீங்க, ஈரம் உள்ளயே நிக்கும். ட்ரை கேபினெட் வாங்க முடியலைன்னா காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் போதும், முள்ளு 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவுல நிக்கணும். அரிசி டப்பாவுல வைக்கலாமான்னு போன தடவை ஒருத்தர் கேட்டாரு. வேண்டாங்க, தவிடு போயி ஜூம் வளையத்துல உக்காந்துக்கும்.