தார் வண்டியா, க்ரெட்டாவா? நீங்க கேட்டதுக்கு என் பதில்

வணக்கம் மக்களே. சென்னை பாடில இருபது வருஷமா ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரமும் இழுக்குற வண்டிங்க வேலை பாக்குறேன். இந்த வாரம் வந்த கேள்வில முக்காவாசி, மஹிந்திரா தார் மாதிரி வண்டி எடுக்கலாமா, ஹூண்டாய் க்ரெட்டா மாதிரி எடுக்கலாமாங்குறதுதான், அதனால ஒண்ணொண்ணா சொல்றேன்.

கேள்வி: அண்ணா, ரெண்டையுமே எஸ்யூவின்னுதான் சொல்றாங்க, அப்புறம் என்ன வித்தியாசம்?

வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க தம்பி, தெரிஞ்சிடும். தார், ஜிம்னி, கூர்க்கா, ஃபார்ச்சூனர் எல்லாத்துலயும் முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் ரெண்டு நீள இரும்பு, நடுவுல குறுக்குச் சட்டம், ஏணி மாதிரி ஒரு சேசிஸ், அது மேலதான் பாடிய போல்ட் போட்டு உக்கார வச்சிருப்பாங்க. க்ரெட்டா, செல்டாஸ்ல தனி சேசிஸே கிடையாது, பாடியும் அதுவும் ஒண்ணுதான். அதனால வளைவுல ஆட்டம் கம்மி, உள்ள இடம் ஜாஸ்தி, ஆனா முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். இன்னொண்ணு, தார்னாலே ஃபோர் பை ஃபோர்னு நெனச்சிடாதீங்க, 2023 ஜனவரிலேர்ந்து பின்சக்கரம் மட்டும் இழுக்குற தாரும் விக்குறாங்க. கியர் லீவர் பக்கத்துல ஃபோர் பை ஃபோர் போடுற இன்னொரு குட்டி லீவர் இருக்கான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

கேள்வி: வேளச்சேரில இருக்கேன் சார். மழைத்தண்ணிக்காகவே தார் எடுக்கலாம்னு இருக்கேன், சரியா?

அதுக்காக மட்டும்னா வேணாம் சார். தார் 650 மி.மீ. தண்ணி தாங்கும், கூர்க்கா 700ன்னு கம்பெனி சொல்லுது. 650ன்னா முழங்காலுக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். அதுவும் மெதுவா, ஒரே சீரா போனாத்தான். எதிர்ல ஒரு பஸ் வந்து அலை அடிச்சா அந்தக் கணக்கெல்லாம் போச்சு.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் முடிஞ்ச மறுநாள் ஒரு உயரமான வண்டிய இழுத்துட்டு வந்தாங்க. ஏர் ஃபில்டர் டப்பாவ தொறந்தா, பேப்பர் எலிமென்ட் பழுப்புத் தண்ணில ஊறி தொளதொளன்னு கையோட வந்துச்சு. அதுகூடப் பரவால்ல, நின்ன வண்டிய அவர் மூணு தடவ ஸ்டார்ட் அடிச்சிருக்காரு. காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாதே, பிஸ்டன் மேல வந்து முட்டி கனெக்டிங் ராடே வளைஞ்சு போச்சு. கழட்டி கையில குடுத்தப்ப அவர் முகத்தப் பாக்க எனக்கே மனசு கேக்கல.

தண்ணில வண்டி நின்னா சாவியத் தொடாதீங்க, டோ பண்ணுங்க. இன்ஷூரன்ஸ்ல எஞ்சின் ப்ரொடெக்ட் தனியா சேத்துக்கோங்க, சாதாரண பாலிசில இதுக்குப் பெரும்பாலும் காசு வராது. 2024 அக்டோபர்ல மழைக்கு முன்னாடியே கொண்டுபோய் மேம்பாலத்துல நிறுத்துனாங்களே உங்க ஏரியாக்காரங்க, எந்த வண்டிக்கும் அதுதான் பாதுகாப்பு.

கேள்வி: தினமும் ஓஎம்ஆர் ஆபீஸ், வீட்ல அம்மாவுக்கு மூட்டு வலி. எனக்கு தார் ரோக்ஸ் புடிச்சிருக்கு அண்ணா.

அம்மாவ ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போம்மா. 2024 ஆகஸ்ட்ல வந்த ரோக்ஸ்ல அஞ்சு கதவு இருக்குதான், ஆனா ஏறுற உயரம் உயரம்தான். கைப்பிடியப் புடிச்சு எம்பி ஏற வேண்டியிருந்தா க்ரெட்டாவே எடு, நான் மனசாரச் சொல்றேன்.

கேள்வி: ஜிம்னி ரொம்ப சின்னதா இருக்கே?

அந்தச் சின்ன சைஸ்தான் அதோட பலம். 1,200 கிலோ சொச்சம்தான், சேத்துல கனமான வண்டி பொதையுற எடத்துல இது ஏறி வந்துரும். நாலு பேருக்கு மேல உக்கார முடியாது.

கேள்வி: ஈசிஆர் பக்கம் பீச் மணல்ல ஓட்டிப் பாக்கலாமா?

தயவுசெஞ்சு வேணாம். ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமை நம்ம கரையிலதான் முட்டை போடுது, டயர் தடத்துல விழுந்த குஞ்சால ஏறிக் கடலுக்குப் போக முடியாது. ஆஃப்ரோடு கத்துக்க தனியா ட்ராக் வச்சிருக்காங்க, அங்க போங்க.

கேள்வி: கொல்லிமலை 70 கொண்டை ஊசிக்கு ஃபோர் பை ஃபோர் போட்டுக்கலாமா?

காஞ்ச ரோட்ல போடவே கூடாது. வளைவுல முன்சக்கரம் சுத்துற தூரம் வேற, பின்சக்கரம் சுத்துற தூரம் வேற. தார், ஜிம்னில ஃபோர் எச் (நாலு சக்கரமும் இழுக்குற நிலை) போட்டா ரெண்டு ஆக்சிலும் ஒண்ணா பூட்டிக்கும், ஸ்டியரிங் இறுகி, டயர் இழுபட்டு, கியர்பாக்ஸ்ல முறுக்கு ஏறிடும். மறந்து போட்டுட்டு லீவர் கழலலன்னா பலம் போட்டு இழுக்காதீங்க, பத்தடி நேரா ரிவர்ஸ் எடுங்க, முறுக்கு விட்டதும் டூ எச்சுக்கு, அதாவது ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்குற நிலைக்கு, தானா வந்துரும்.