கினிபிக்குக்கு அறுவை: பீடோர் வாசகர் கேள்விகள்

இம்மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் கினிபிக்கைச் சுற்றியே இருந்தன. அகராதிக்கு அது கினிப் பன்றி, மலாய்க்காரர்களுக்குத் தீக்குஸ் பெலாண்டா. கடிதங்களில் எல்லாரும் கினிபிக் என்றே எழுதியிருப்பதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

கேள்வி: எங்கள் பெண் கினிபிக்குக்கு மூன்று வயது, எடை 900 கிராம். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டிவிட்டது. வயிறு பேரிக்காய் போல் அடிப்பக்கம் பருத்திருக்கிறது. சினைப்பையில் நீர்க்கட்டி, எடுத்துவிடலாம் என்கிறார் ஈப்போ டாக்டர். ஊசியில் தீராதா? முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி போடும்படி கவுண்டரில் சொன்னார்கள். சரிதானா?

பதில்: பட்டினி வேண்டாம். நாயும் பூனையும் மயக்கத்தில் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதால்தான் அவற்றுக்குச் சாப்பாட்டை முன்னதாகவே நிறுத்துகிறார்கள். கினிபிக்குக்கு வாந்தி எடுக்க வராது. அதன் பெருங்குடல் தொடக்கத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துக்கொண்டே இருக்கும். மேலிருந்து புல் வராவிட்டால் குடல் அசைவு நின்று காற்றுக் கட்டும். பசியில் கரையும் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ப் படியும். கத்தியில் தப்பிய கினிபிக் காலி வயிற்றில் போய்விடுவது இப்படித்தான்.

மென்ற புல் வாயில் தங்கியிருக்கும் என்பதற்காகச் சில டாக்டர்கள் ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு உணவை எடுக்கச் சொல்வார்கள், அல்லது மயக்கியதும் வாயைக் கழுவித் துடைப்பார்கள். அது நியாயமான காரியம். ‘ராத்திரியிலிருந்து’ என்பது நாய்க்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்ப்பாடு. டாக்டரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள்.

ஊசி விஷயம் கட்டியின் வகையைப் பொறுத்தது. ஹார்மோன் சுரக்கும் கட்டி சில சமயம் ஹார்மோன் ஊசிக்குச் சுருங்கும். வெறும் நீர் தேங்கிய கட்டி அசையாது. ஊசி குத்தி நீரை உறிஞ்சினால் வயிறு அன்றைக்கு இறங்கும், பிறகு மறுபடி ஊறும். விலா முடி கொட்டியிருப்பதால் உங்களுடையது ஹார்மோன் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். முலைக்காம்பில் பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனாலும் எடை நன்றாக இருக்கும்போதே சினைப்பையை எடுத்துவிடுவதுதான் எங்கள் கட்சி. இன்னும் ஆறு மாதம் கழித்து, இளைத்த உடம்பில் அதே அறுவையைச் செய்வது வேறு கதை.

ஆபத்தை மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 2008-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் மயக்க மருந்தைச் சார்ந்த இறப்பு நாய்க்கு 0.17 சதவீதம், பூனைக்கு 0.24, முயலுக்கு 1.39, கினிபிக்குக்கு 3.8. ஆகவே டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இதுவரை எத்தனை கினிபிக்குக்கு அறுவை செய்திருக்கிறார், ஐசோஃப்ளூரேன் வாயு மயக்கமா, மேசையில் சூடு காட்டுவார்களா, வலி மருந்து எப்போது தொடங்கும். நாய் பூனை மட்டும் பார்க்கிற கிளினிக்காக இருந்தால், சிறு பிராணி பார்க்கும் இன்னொருவரைத் தேடி ஒரு வாரம் போனாலும் நஷ்டமில்லை.

பீடோரிலிருந்து ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் பிடிக்கும். போகும்போது பயம் வெயில். கூண்டின் ஒரு மூலையில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வையுங்கள். திரும்பும்போது கதை நேர்மாறு. மயக்கம் தெளிந்த உடம்பு சில்லிட்டிருக்கும், ஏர்கான் காற்று நேராக அடிக்கக்கூடாது. வெதுவெதுப்பான நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு பிடிக்காவிட்டால் தள்ளிப் படுக்க அதற்கு இடம் வேண்டும். புல்லையும் கூடவே எடுத்துப்போங்கள். கண் திறந்ததும் வாய் எதையாவது தேட வேண்டும்.

கேள்வி: வீட்டுக்கு வந்தபின் சாப்பிடாவிட்டால் சிரிஞ்சில் ஊட்டச் சொல்கிறார்கள். எவ்வளவு, எத்தனை வேளை, எதை? (அதே வாசகி)

பதில்: உங்கள் கடிதத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு தடவை எடை போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டியும் அதிலிருந்த நீரும் போனதால் எடை தானாகவே குறைந்திருக்கும். பழைய 900 கிராமோடு ஒப்பிட்டால் வீணாகப் பயப்படுவீர்கள். புது எடைதான் இனி உங்கள் கணக்கு.

வீட்டில் கிராம் காட்டும் சமையல் தராசு போதும். தினமும் காலையில், ஊட்டும் முன், அதே பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்து நிறுங்கள். 50 கிராம் குறைந்தால் ஊட்டும் அளவைக் கூட்டுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

உணவுக்கு, புல் தின்னும் நோயாளிப் பிராணிகளுக்கென்றே விற்கும் கிரிட்டிக்கல் கேர் பொடி நல்லது. ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். கரைத்து ஐந்து நிமிடம் விட்டால் கெட்டியாகும், தேவையானால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 80 மில்லி கரைசல் என்பது கணக்கு. உங்கள் கினிபிக் புது எடையில் 850 கிராம் இருந்தால் சுமார் 45 முதல் 70 மில்லி. ஆறு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 8 முதல் 12 மில்லி. பொடி கைக்கு வரும்வரை, விதையோ உலர்பழமோ கலக்காத திமோதிப் புல் பெல்லட் இரண்டு மேசைக்கரண்டியை நான்கு மேசைக்கரண்டி வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, அரைத்து, தேத்தண்ணி வடிகட்டியில் தேய்த்து வடித்துக்கொள்ளலாம். வடிக்காமல் ஏற்றினால் நார் சிரிஞ்சு வாயில் அடைக்கும். அழுத்துவீர்கள். அடைப்பு விட்டதும் மொத்தமும் தொண்டைக்குள் பாயும். புரையேறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

1 மில்லி சிரிஞ்சின் மூக்கை வெட்டி, விளிம்பை நகம் தேய்க்கும் அரத்தால் மழுக்குங்கள். இந்த மாதிரி ஐந்தாறு நிரப்பித் தட்டில் அடுக்கிக்கொண்டு உட்காருங்கள். நாசி லெமாக் பொட்டலம் மடிப்பது போலத் துண்டில் சுற்றுங்கள், ஆனால் நெஞ்சை இறுக்காமல். பின்பக்கம் உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கட்டும். முன் பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி இருக்கும். பக்கவாட்டில் அதன் வழியே நுழைத்து 0.3 முதல் 0.5 மில்லி விட்டு நிறுத்துங்கள். தாடை ஆடுகிறதா என்று பாருங்கள். மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்தது. தலையை மேல்நோக்கித் தூக்கவே கூடாது. மூக்கு வழியே வந்தாலோ இருமினாலோ தலையைத் தாழ்த்திப் பிடித்துக் காத்திருங்கள். பத்து மில்லிக்கு அரைமணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் சட்டையில்தான் பாதி இருக்கும்.

ஆறு வேளை என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, இரவும் சேர்த்து. முதல் மூன்று இரவும் நடுச்சாம வேளையை விடாதீர்கள். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து விடியற்கால ஆள்கணக்குக்கு, எழும் வீட்டில் விடியற்காலை வேளை தானாகவே அமைந்துவிடும். புல்லைத் தானே இழுத்துத் தின்னத் தொடங்கி, எடையும் இரண்டு நாள் நின்றால் வேளையைக் குறைக்கலாம். இலையை மட்டும் கொறிப்பதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புழுக்கையையும் பாருங்கள். முதல் நாள் சின்னதாக, கொஞ்சமாக வருவது வழக்கம். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுமே இல்லையென்றால் டாக்டர். வயிறு உருண்டு, விரலால் சுண்டினால் உறுமி போல் ஒலித்தால் அது காற்று. அப்போது மேலும் ஊட்டக்கூடாது, உடனே கிளம்ப வேண்டும்.

கினிபிக்குக்கு வைட்டமின் சி உடம்பில் ஊறாது, நமக்கும் அப்படித்தான். அது இல்லாமல் புண் ஆறாது. நோயில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வேண்டும். வெறும் வைட்டமின் சி 100 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்குக்குச் சற்றுக் கூடப் பொடித்து, ஒரு சிரிஞ்சுக் கரைசலில் கலந்து கொடுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் போட்டால் வெளிச்சத்தில் வீணாகிவிடும். மல்டிவைட்டமின் வேண்டாம், அதிலுள்ள ஏ, டி அளவு மீறிவிடும். பீடோர்க்காரர்களுக்குக் கொய்யாவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை: 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தானாகச் சாப்பிடும் நாளில் விதை நீக்கிய விரல்நுனித் துண்டு ஒன்று. இனிப்பு உள்ளதால் அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: தையல் மேல் மஞ்சள் பூசலாமா? வீட்டில் பிள்ளைக்கு வாங்கிய அமோக்ஸிசிலின் மிச்சமிருக்கிறது. புண் பழுக்காமல் இருக்க இரண்டு சொட்டுக் கொடுக்கட்டுமா?

பதில்: அந்தப் பாட்டிலை இப்போதே தூரப் போடுங்கள். அமோக்ஸிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின் ஆகியவற்றை வாய்வழி கொடுத்தால் கினிபிக் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, கிளாஸ்டிரிடியம் என்ற கெட்ட நுண்ணுயிர் பெருகி நஞ்சு கக்கும். பேதியாகி ஒரு சில நாளில் முடிந்துவிடும். நாய் பூனைக்குச் சாதாரணமாக எழுதும் மருந்து என்பதால், டாக்டர் கொடுத்தாலும் பெயரைப் படியுங்கள். என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா போன்றவை கினிபிக்குக்கு வழக்கமாகக் கொடுப்பவை.

மஞ்சள், சாம்பல், மருந்து எண்ணெய், டெட்டால் எதுவும் வேண்டாம். நக்கினால் உள்ளே போகும், மஞ்சள் பூசினால் சிவப்பு தெரியாமலும் போகும். தையல் காய்ந்தே இருக்கட்டும். அழுக்குப் பட்டால் மட்டும் கொதித்தாறிய தண்ணீர் 250 மில்லியில் அரைத் தேக்கரண்டிக்குக் குறைவாக உப்புக் கரைத்து, துணியால் ஒற்றியெடுங்கள். தையல் ஓரம் மெல்லிய மேடாகக் கெட்டித்திருப்பது இயல்பு. நாளுக்கு நாள் பெரிதானால், சூடாக இருந்தால், நாறினால் காட்டுங்கள். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள்.

நம் ஊரில் பெரிய எதிரி ஈ. ஈரப் பின்பக்கத்திலோ தையலிலோ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைக்கும். கூண்டை ஈ புகாத கொசுவலையால் மூடுங்கள், காலை மாலை புரட்டிப் பாருங்கள். மரத்தூள் வேண்டாம், தையலில் ஒட்டும். பழைய துண்டு விரித்து, நனைந்ததும் மாற்றுங்கள். கொசுவர்த்தியும் பூச்சி மருந்தும் அந்த அறையில் கூடாது. தகரக் கூரை வீட்டில் மதியத்துக்குமேல் கூண்டைக் கீழ்த்தளச் சிமெண்டுத் தரைக்கு மாற்றுங்கள், 28 டிகிரி தாண்டினாலே அதற்கு மூச்சு வாங்கும்.

வலி மருந்தை, பெரும்பாலும் மெலாக்சிகாம், ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நடுவில் நிறுத்தாதீர்கள். வலித்தாலும் கினிபிக் சத்தம் போடாது. கூன் போட்டு உட்காரும், முடி சிலிர்க்கும், பல்லை நறநறக்கும். ஐஸ்பெட்டிக் கதவு திறக்கும் சத்தத்துக்கு வீல் என்று கத்துகிற பிராணி கத்தாமல் இருந்தால் வலிக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: ஆண் கினிபிக்குக்கு மூத்திரப்பையில் கல் எடுத்தார்கள். தினமும் முருங்கைக்கீரை கொடுத்துவந்தோம். அதுதான் காரணமா? செம்பனைத் தோப்புப் புல் கொடுக்கலாமா?

பதில்: முருங்கை ஒன்றையே குற்றவாளியாக்க முடியாது. கினிபிக்கின் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மற்ற பிராணிகளைவிட அது கால்சியத்தை அதிகமாக மூத்திரத்தில் தள்ளும், அதனால் காய்ந்தபின் வெள்ளைத் தடம் தெரிவதே சகஜம். ஆனாலும் முருங்கை, அகத்தி, பசலை, ஆல்ஃபால்ஃபா புல் நான்கையும் இனி நிறுத்திவிடுங்கள். பெல்லட் நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். கேப்சிகம், வெள்ளரி, சாலட் இலையைத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொடுங்கள். நிறைய மூத்திரம் போவதுதான் கல்லுக்கு மருந்து. அப்படியும் திரும்ப வரக்கூடியது இது. மூன்று மாதத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாள் மூத்திரம் இளஞ்சிவப்பாக இருக்கலாம். ஆறேழு மணி நேரம் துண்டு நனையவே இல்லையென்றால் ஆண் கினிபிக்குக்கு அது அவசரம், குழாய் அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

தோப்புப் புல் வேண்டாம். களைக்கொல்லிகளில் பாராகுவாட் 2020-லிருந்து தடை என்றாலும் கிளைஃபோசேட்டும் குளுஃபோசினேட்டும் அடிக்கிறார்கள். அடித்த சில நாள் புல் பச்சையாகவே இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எலி மருந்துக் கட்டி விழுந்த இடமும் உண்டு, அது ரத்தம் உறையாமல் செய்யும். அறுவை செய்த உடம்புக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. வீட்டுக் கொல்லையில் வளர்த்த நேப்பியர் புல்லாக இருந்தால் கழுவி, ஈரம் உதறிக் கொடுக்கலாம்.

கேள்வி: கூட்டாளி கினிபிக்கைப் பிரிக்க வேண்டுமா?

பதில்: அது தையலைக் கொறிக்காமலும் மேலே ஏறாமலும் இருந்தால் வேண்டாம். கொறித்தாலோ ஏறினாலோ, நடுவில் கம்பி வலை வைத்துப் பக்கத்திலேயே விடுங்கள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே புல் தின்னும். வலையின் இரண்டு பக்கமும் புழுக்கை இருந்தால் யாருடையது என்று தெரியாது என்பதால், நோயாளிப் பக்கத்துத் துண்டைத் தனி நிறத்தில் விரியுங்கள்.